நாலாவது ஆள் எங்கே? அல்சூரில் ஓர் ‘அக்கம்பக்க’ ஆப் யோசனை: நிகழ்வு ஆய்வு

யோசனை கேட்க எளிது. போனைத் திறந்தால் பக்கத்தில் யாருக்குக் கேரம் பிடிக்கும், யார் மாடித்தோட்டம் போடுகிறார், யார் விடிகாலையில் பறவை பார்க்கக் கிளம்புகிறார் என்று மேப்பில் புள்ளி புள்ளியாகத் தெரியும். புள்ளியைத் தொட்டால் பேச்சு தொடங்கும். பெங்களூரில் வேலைக்கு வந்து, ஒற்றை அறை வாடகை வீட்டில் ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் எவருக்கும் இது உடனே பிடித்துவிடும். பிடித்துவிடுகிறது என்பதாலேயே இதில் எது உடையும் என்று யாரும் நின்று பார்ப்பதில்லை.

இந்த ஆய்வு அந்த யோசனையை ஒரே இடத்தில், ஒரே பொழுதுபோக்கில் வைத்துச் சோதிக்கிறது. இடம், அல்சூர் ஏரியைச் சுற்றிய பகுதி. தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் வட்டாரம் அது. 1950-ல் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும் அங்கேதான், 18 ஆண்டு மூடிக் கிடந்து 2009 ஆகஸ்ட் 9-ல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையும் அங்கேதான். பொழுதுபோக்கு, கேரம். இரண்டு பேர் இருந்தால் ஆடலாம், நாலு பேர் இருந்தால் நன்றாக ஆடலாம். ஆனால் போர்டு ஒன்று வேண்டும், கூரை வேண்டும், நல்ல விளக்கு வேண்டும். ஆப் எழுதுபவர்கள் மறந்துபோகும் மூன்று விஷயங்களும் கேரத்தில் மறக்க முடியாதபடி முன்னால் வந்து நிற்கும்.

கீழே ‘வைத்துக்கொள்வோம்’ என்று வரும் எண்களெல்லாம் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை.

முதலில் கணக்கு

2011 கணக்கெடுப்பில் பழைய மாநகராட்சி எல்லைக்குள் சுமார் 84 லட்சம் பேர். பரப்பு சுமார் 741 சதுர கிலோமீட்டர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 11,400 பேர். இன்று கூடியிருக்கும், அது கணக்கைக் கொஞ்சம்தான் மாற்றும். ஏரிக்கரையை நடுவாக வைத்து 2 கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால் 12.57 சதுர கிலோமீட்டர். உள்ளே 1.43 லட்சம் பேர்.

ஐந்நூறில் ஒருவர் ஆப்பை இறக்கி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புதிய ஆப்புக்கு அது பெரும் வெற்றி. 286 பேர். பட்டியலில் நாற்பது பொழுதுபோக்கு இருக்க, பத்தில் ஒருவர் கேரத்தைத் தொட்டிருக்கிறார்: 29 பேர். அவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் இந்தச் சனிக்கிழமை மாலை ஓய்வு: 6 பேர். வருகிறேன் என்றவர்களில் பத்துக்கு ஆறு பேர் வருவார்கள்: 3.4 பேர்.

மூன்றரை ஆள். கேரத்துக்கு நாலு பேர் வேண்டும்.

இதே 286 பேரும் ஊர் முழுக்கச் சிதறி இருந்தால்? 741 சதுர கிலோமீட்டரில் இப்படி 59 வட்டங்கள் வரும். வட்டத்துக்கு ஐந்து பேர், அதில் கேரத்துக்கு அரை ஆள். ‘பெங்களூர் முழுவதும், எல்லாப் பொழுதுபோக்குக்கும்’ என்று தொடங்கும் ஆப்பில் முதல் நாள் இறக்கியவர் காலி மேப்பைப் பார்த்துவிட்டு இரண்டாம் நாள் அதை அழித்துவிடுவதற்குக் காரணம் இந்த அரை ஆள்தான். மார்க்கெட்டிங் செலவு போதவில்லை என்று பிறகு சொல்வார்கள். பல நேரம் பிரச்சினை வகுத்தலில் இருக்கிறது.

கணக்கைச் சரிசெய்ய வழி ஒன்றே. வகுக்கும் எண்களைக் குறைக்க வேண்டும். நாற்பது பொழுதுபோக்கை ஒன்றாக்கினால் பத்தால் வகுப்பது போய்விடும். ‘எப்போது வேண்டுமானாலும்’ என்பதை ‘புதன் 7:30’ ஆக்கினால், அந்த நேரம் ஒத்துவருபவர் மட்டுமே சேருவார். ஐந்தால் வகுப்பதும் போய்விடும். மிஞ்சுவது வருகிறேன் என்று வராமல் போவது மட்டும். அதற்குத் தனி வைத்தியம் பின்னால் வருகிறது.

முன்னே போனவர்கள்

ஒரே ஆர்வம் உள்ளவர்களைக் குழுவாகச் சேர்க்கும் மீட்டப் தளம் 2002-ல் நியூயார்க்கில் தொடங்கியது. 2017-ல் விவொர்க் நிறுவனம் வாங்கியது, 2020-ல் கைமாறியது, 2024 தொடக்கத்தில் பெண்டிங் ஸ்பூன்ஸ் என்ற நிறுவனம் எடுத்துக்கொண்டது. இத்தனை கை மாறியும் அடிப்படை மாறவில்லை: குழு நடத்துபவர் சந்தா கட்டுவார். நேரம் ஒதுக்கி, இடம் பிடித்து, வராதவர்களுக்கு மெசேஜ் போட்டு ஓய்ந்த அதே மனிதரிடம் பணமும் கேட்பது. அந்த ஆள் களைத்துப்போனால் குழுவே போய்விடும்.

2012-ல் ஹைலைட் என்ற ஆப் பக்கத்தில் இருப்பவர்களைத் தானாகக் காட்ட முயன்றது. பின்னணியில் ஓடிக்கொண்டே பேட்டரியைத் தின்றது. ஃபேஸ்புக்கின் ‘அருகிலிருக்கும் நண்பர்கள்’ வசதி 2014-ல் வந்து 2022-ல் நிறுத்தப்பட்டது. அதற்கு நேர்மாறாக 2016-ல் போக்கிமான் கோ என்ற போன் விளையாட்டு மனிதர்களைக் காட்டவே இல்லை, இடங்களைக் காட்டியது. மனிதர்கள் தாமாக அங்கே கூடினார்கள்.

பெங்களூரிலேயே பாடம் இருக்கிறது. கப்பன் பூங்காவில் 2023-ல் தொடங்கிய கப்பன் ரீட்ஸ், பாயை விரித்து அவரவர் புத்தகத்தைச் சும்மா உட்கார்ந்து படிக்கும் கூட்டம். தனி ஆப் எதுவும் இல்லை. சனிக்கிழமை, அதே பூங்கா. வருபவர் முன்கூட்டி யாரோடும் பேச வேண்டியதில்லை, ஆள் குறைந்தால் படிப்பு நிற்பதில்லை. மற்ற ஊர்களுக்கும் பரவியது.

புள்ளியை அழித்து மேசையைப் போடு

ஆகவே ஆப்பின் அடிப்படை அலகை மாற்ற வேண்டும். ‘ஆள்’ என்பதை எடுத்துவிட்டு ‘மேசை’ என்று வைத்துக்கொள்ள வேண்டும். திறந்ததும் தெரிவது இப்படி:

கேரம், ஜோடி ஆட்டம், 25 பாயிண்ட்
புதன் மாலை 7:30 முதல் 9:30 வரை
ஏரிக்கரைப் பக்கம், முதல் மாடி, லிஃப்ட் இல்லை
குறைந்தது 2, நிறைவு 4, அதிகம் 6
உறுதி: 3
போர்டு இருக்கிறது. ஸ்ட்ரைக்கர் அவரவர் கொண்டுவரவும்
பேச்சு: தமிழ், கன்னடம்

அவ்வளவுதான். யார் யார் என்ற படமும் இல்லை, வயதும் இல்லை. தொட்டால் ஒரே பட்டன்: ‘வர்றேன்’.

‘பார்க்கலாம்’ என்று இன்னொரு பட்டன் வைக்கத் தோன்றும். வைக்கக் கூடாது. ‘பார்க்கலாங்க’ என்பது தமிழில் ‘வரமாட்டேன்’ என்பதன் மரியாதை வடிவம். பட்டன் இருந்தால் பாதிப் பேர் அதைத்தான் தொடுவார்கள், மேசையை நடத்தும் மேசைக்காரர் அவர்களை நம்பி இடம் ஒதுக்கி ஏமாறுவார்.

குறைந்தது, நிறைவு, அதிகம் என்ற மூன்று எண்கள்தாம் இந்த வடிவமைப்பின் முதுகெலும்பு. ஷட்டிலுக்கு அது 2, 4, 4. கோர்ட்டுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது, ஒருவர் வராவிட்டால் மற்றவர் பங்கு ஏறும், சண்டை வரும். பறவை பார்ப்பதற்கு 1, 5, 8. யாரும் வராவிட்டாலும் பறவை வரும். கேரம் நடுவில் நிற்கிறது. ஆள் குறைந்தால் ஜோடி ஆட்டம் ஒற்றை ஆட்டமாகும், கூடினால் ‘தோத்த ஜோடி எழுந்திரு’ என்ற பழைய கிளப் விதி பார்த்துக்கொள்ளும். புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த மாதிரி, ஆள் கூடினாலும் குறைந்தாலும் உடையாத பொழுதுபோக்கை எடுக்க வேண்டும். பத்துப் பதினைந்து பேர் கட்டாயம் வேண்டிய டென்னிஸ் பால் கிரிக்கெட்டோடு தொடங்குவது தற்கொலை.

இன்னொரு சின்னச் சிக்கல் தேடல். கேரத்தை ஆங்கில எழுத்தில் தட்டுபவர்கள் ஒரு ‘ஆர்’, இரண்டு ‘ஆர்’, முதலெழுத்து ‘சி’, முதலெழுத்து ‘கே’ என்று ஆறேழு விதமாக எழுதுவார்கள். தமிழில் கேரம், கேரம்போர்டு, காரம். பயனரையே பொழுதுபோக்கின் பெயரை எழுத விட்டால் ஒரே ஆட்டம் ஏழு குழுவாகச் சிதறும். ஏற்கெனவே மூன்றரை ஆள்தான். பெயர்ப் பட்டியலை நடத்துபவரே நிலையாக வைத்து, எல்லா எழுத்துக்கூட்டலையும் ஒரே எண்ணுக்குத் திருப்பிவிட வேண்டும்.

தூரம் என்ற பொய்

‘2 கிலோமீட்டருக்குள்’ என்பதைப் பெரும்பாலும் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் வைத்துக் காக்கை பறக்கும் தூரமாகக் கணக்கிடுவார்கள். அல்சூரில் அது உடனே பல்லிளிக்கும். நடுவில் சுமார் 50 ஹெக்டேர் ஏரி. ஒட்டியே மெட்ராஸ் பொறியாளர் படைப் பிரிவின் ராணுவ வளாகம். குறுக்கே புகுந்து போக வழியில்லை. எதிர்க்கரையில் இருப்பவர் மேப்பில் பக்கத்து வீடு, நடையில் சுற்றுப் பாதை. மறுபக்கம், வைட்ஃபீல்டில் இருப்பவர் பல கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் மெட்ரோவின் ஊதாப் பாதையில் மாறாமல் வந்து ஹலசூரு (அல்சூரேதான்) நிலையத்தில் இறங்கிவிடலாம். ஆரத்தால் வடிகட்டினால் இவர் வெளியே, வரப்போகாத அவர் உள்ளே.

ஒவ்வொரு தேடலுக்கும் பயண நேரம் கேட்டு மேப் நிறுவனத்துக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. மேசைகள் பத்துக்குள்தான் இருக்கப்போகின்றன. ஒவ்வொரு மேசைக்கும் ‘எந்த எந்தப் பேட்டையிலிருந்து வர வசதி’ என்று கையால் எழுதி வைத்தாலே போதும்: மர்பி டவுன், காக்ஸ் டவுன், இந்திராநகர், மெட்ரோ வழியாக பையப்பனஹள்ளி. பின்கோடு வைத்தும் பிரிக்காதீர்கள். தபால் எல்லை மனிதர்களின் நடைக்குப் போடப்பட்டதல்ல. ஏரியைச் சுற்றிப் பத்து நிமிடத்துக்குள்ளேயே எண் மாறிவிடும்.

இருப்பிடத்தைப் பாதுகாப்பதுதான் இதில் கத்திமேல் நடக்கும் வேலை. ஆளை மேப்பில் காட்டாமல் ‘650 மீட்டரில் இருக்கிறார்’ என்று தூரத்தை மட்டும் சொன்னால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போலி ஜிபிஎஸ் ஆப்பை வைத்து மூன்று வெவ்வேறு இடத்தில் நிற்பதுபோல் காட்டி, மூன்று தூரத்தையும் வாங்கி, மூன்று வட்டம் வரைந்தால் அவை வெட்டும் இடம் அந்த வீடு. டிண்டர், கிரைண்டர் என்ற துணை தேடும் ஆப்கள் இரண்டிலும் பத்தாண்டுக்கு முன்பே இதைச் செய்து காட்டிவிட்டார்கள்.

இதற்குச் சொல்லப்படும் இரண்டு பரிகாரங்களும் அரைகுறை. ஒன்று, ஒவ்வொரு முறையும் இருப்பிடத்தைக் கொஞ்சம் தாறுமாறாகத் தள்ளிக் காட்டுவது. நூறு முறை கேட்டுச் சராசரி எடுத்தால் தள்ளியதெல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு உண்மை இடம் மேலே மிதந்து வரும். இரண்டு, எண்ணைச் சொல்லாமல் ‘1 கிலோமீட்டருக்குள்’ என்று மட்டும் சொல்வது. போலி இருப்பிடத்தை மெல்ல மெல்ல நகர்த்தி, அந்த வாசகம் எந்த இடத்தில் மாறுகிறது என்று பார்த்தால் அதுவே வட்டத்தின் விளிம்பு. மூன்று விளிம்பு போதும்.

சரியான முறை: சர்வருக்குள் நுழையும்போதே இருப்பிடத்தை ஒரு நிலையான கட்டத்தின் மையத்துக்கு இழுத்துவிட வேண்டும்; அசலைச் சேமிக்கவே கூடாது. பூமியைக் கட்டங்களாகப் பிரித்து எழுத்துகளால் குறிக்கும் ஜியோஹேஷ் முறையில் ஆறு எழுத்து என்றால் கட்டம் சுமார் 1.2 கிலோமீட்டர் அகலம், 0.6 கிலோமீட்டர் உயரம். கட்டத்துக்குள் இருக்கும் எல்லோருக்கும் ஒரே புள்ளி, எத்தனை முறை கேட்டாலும் அதே புள்ளி. தேடும்போது சொந்தக் கட்டத்தோடு சுற்றியுள்ள எட்டையும் சேர்த்து ஒன்பது கட்டத்தைக் கேட்க வேண்டும். இல்லையென்றால் கட்டத்தின் ஓரத்தில் குடியிருப்பவருக்கு எதிர்வீட்டு மேசை தெரியாது. புதிதாக எழுதுபவர்கள் தவறாமல் விழும் குழி இது.

மேசையை அலகாக வைத்தால் இந்தத் தலைவலியில் முக்கால்வாசி பிறப்பதே இல்லை. மேசைக்குத்தான் முகவரி, ஆளுக்கு இல்லை. பயனர் தன் பேட்டையை ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் போதும். ஜிபிஎஸ் அனுமதியே கேட்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு 10 முதல் பின்னணி இருப்பிடத்துக்குத் தனி அனுமதி, பிளே ஸ்டோரில் அதற்குத் தனி விளக்கம், மறுபரிசீலனை என்று நீளும் வரிசையில் நிற்கவும் வேண்டாம். மேப்பும் வேண்டாம். எட்டு மேசைக்கு மேப் எதற்கு? பட்டியல் போதும்.

வருகிறேன் என்றவர்

நேரம் நிலையாக இருப்பதால், முன்பு எடுத்த பத்துக்கு ஆறைவிடக் கொஞ்சம் கூட்டி, ஒருவர் சொன்னபடி வரும் வாய்ப்பு 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நாலு பேரை மட்டும் சேர்த்தால் நாலு பேரும் வரும் வாய்ப்பு 0.7-ஐ நாலு முறை பெருக்கியது: 24 சதவீதம். நாலில் ஒரு வாரம்தான் முழு மேசை. அதே மேசைக்கு ஆறு பேரைச் சேர்த்தால் குறைந்தது நாலு பேர் வரும் வாய்ப்பு 74 சதவீதம். இரண்டே இரண்டு ஆள் கூடுதல், மேசை நிலைமை தலைகீழ். ஆறு பேரும் வந்துவிடும் வாய்ப்பு 12 சதவீதம். அன்றைக்குத் தோற்றவர் எழுந்து டீ குடிப்பார்.

நினைவூட்டல் இரண்டு போதும். முந்தின நாள் ஒன்று, ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு ஒன்று. இரண்டாவதில் கேள்வி இருக்க வேண்டும்:

“இன்னிக்கு 7:30, ஏரிக்கரை மேசை. மூணு பேர் உறுதி. நாலாவது நீங்கதானே?”

பதிலுக்கு இரண்டே பட்டன்: ‘ஆம்’, ‘முடியலை’. ஒரு மணி நேரத்துக்குள் பதில் இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். ‘முடியலை’ என்பவருக்கு எந்தத் தண்டனையும் வைக்காதீர்கள். சொல்லாமல் மட்டம் போடுபவரை மட்டும் எண்ணுங்கள். சொன்னால் வலிக்காது என்று தெரிந்தால்தான் மக்கள் சொல்வார்கள். முன்பணம் ஐம்பது ரூபாய் வாங்கி வந்தபின் திருப்பித் தரலாமே என்பார்கள். பணம் வாங்குவதும் திருப்புவதும் பேமெண்ட் கேட்வே கட்டணம், கணக்கு, ‘நான் வந்தேன், மேசைக்காரர் குறிக்கவில்லை’ என்ற புகார் என்று ஆட்டத்தைவிடப் பெரிய வேலையாகிவிடும். முதல் ஆண்டுக்கு வேண்டாம்.

போர்டு யார் கையில்

அனைத்துலகக் கேரம் விதிப்படி ஆடும் பரப்பு 73.5 முதல் 74 சென்டிமீட்டர் சதுரம். சட்டத்தோடு சேர்த்தால் மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு. பைக்கின் பின்னால் கட்டி அல்சூர்ச் சந்தையின் நெரிசலில் கொண்டுபோகும் பொருளல்ல. ஆகவே போர்டு இடத்தோடு இருக்க வேண்டும், ஆளோடு இருக்கக் கூடாது. வெள்ளை 9, கறுப்பு 9, ரெட் 1 என்று 19 காய்; ஒன்று தொலைந்தாலும் அடுத்த வாரம் சட்டைப் பட்டனை வைத்து ஆட வேண்டிவரும். உபரிக் காய் ஒரு செட் டப்பாவில் இருக்கட்டும். ஸ்ட்ரைக்கர் அவரவருடையது, விதிப்படி 15 கிராமுக்கு மேல் போகக் கூடாது. வீட்டிலிருந்து கனமான உலோக ஸ்ட்ரைக்கர் கொண்டுவருபவர் எப்படியும் ஒருவர் இருப்பார், பாக்கெட் ஓரம் பிய்ந்துபோகும். மேசை விவரத்திலேயே ‘உலோக ஸ்ட்ரைக்கர் வேண்டாம்’ என்று எழுதிவிடுங்கள்.

மழைக்காலத்தில் பவுடர் ஈரம் குடித்துக் கட்டியாகும், காய் பாதியில் நிற்கும், புதிதாக வந்தவர் தனக்குக் கை போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார். ஒரு காய்ந்த பருத்தித் துணி, மூடி இறுக்கமான பவுடர் டப்பா, போர்டுக்கு நேர் மேலே ஒரு விளக்கு. பக்கவாட்டு விளக்கு நிழல் போடும்.

அதைவிட முக்கியம் விதி. கேரம் சங்க விதியில் ஆடுபவருக்கு ரெட் 3 பாயிண்ட், 25-ல் ஆட்டம் முடியும். தெருவில் வளர்ந்தவருக்குக் கறுப்பு 10, வெள்ளை 20, ரெட் 50 என்று பாயிண்ட் கேரம். பின்னால் கிடக்கும் காயை நேரே அடிக்கலாமா, ரெட்டுக்கு ஃபாலோ (அடுத்து இன்னொரு காய்) போடாவிட்டால் மைனஸ் உண்டா என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு வேறு. முன்பின் தெரியாத நாலு பேர் சேரும் முதல் மாலையில் வெடிக்கும் முதல் சண்டை இதுதான்.

“அண்ணே, எங்க ஏரியால இது மைனஸ் கிடையாது.”

“இங்க உண்டு தம்பி. காயை வைங்க.”

மேசைப் பலகையிலேயே விதி எழுதியிருந்தால் இந்தத் தம்பி அடுத்த வாரமும் வருவார்.

இடம் என்று வரும்போது பெங்களூரின் தர்ஷினிகளை மறந்துவிடுங்கள். அவை நின்று சாப்பிட்டுக் கிளம்புவதற்கு. அடுக்குமாடிக் கிளப் ஹவுஸில் போர்டும் விளக்கும் இருக்கும், ஆனால் வாசலில் ஒவ்வொரு விருந்தினருக்கும் குடியிருப்பவர் போனில் அனுமதி தர வேண்டும். மூன்றாம் வாரம் குடியிருப்போர் சங்கத்தில் புகார் வரும். நிலைப்பது டியூஷன் சென்டர், சிறு நடனப் பள்ளி, தட்டச்சுப் பயிற்சிக்கூடம் மாதிரி இடங்கள்: மாலையில் ஒரு அறை காலியாகக் கிடக்கும், மின்விசிறியும் கழிப்பறையும் இருக்கும், மணிக்கு இவ்வளவு என்று பேசி முடிக்கலாம். கழிப்பறை இல்லாத இடத்துக்குப் பெண்கள் இரண்டாம் முறை வரமாட்டார்கள். இதைப் பட்டியலில் முதல் வரியாக எழுதுங்கள்.

இரண்டு விதமான தமிழர்

‘பெங்களூர்த் தமிழர்’ என்று ஒரே கூட்டமாக எண்ணினால் நேரம் தவறும். அல்சூர், சிவாஜிநகர், மர்பி டவுன் பக்கம் பிறந்து வளர்ந்தவருக்கு ஞாயிறு மாலை நல்ல நேரம். ஐடி வேலைக்கு வந்தவர் வெள்ளி இரவு சேலம், கோவை, மதுரை பஸ் பிடிக்க மடிவாளாவில் நிற்பார். திங்கள் விடிகாலைதான் திரும்புவார். பொங்கல், தீபாவளி, நீண்ட விடுமுறை வாரங்களில் அவர் அறவே இல்லை. அவருக்குச் சனிக்கிழமை மேசை போட்டால் அது காலியாகத்தான் இருக்கும். புதன் 7:30 வேண்டும். இரண்டு கூட்டமும் சேரும் நேரம் வார நடுவில்தான்.

எழுத்திலும் பிளவு உண்டு. மூன்றாம் தலைமுறையில் பலர் தமிழைச் சரளமாகப் பேசுவார்கள், படித்தது கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ. தமிழ் எழுத்தில் மட்டும் ஆப் இருந்தால் அவர்களுக்கு அது பூட்டிய கதவு. மூன்று மொழியிலும் எழுத்து வேண்டும். பேச்சு மொழியை மேசையில் தகவலாக மட்டும் போடுங்கள், வடிகட்டியாக வைக்காதீர்கள். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் நன்றாகக் கேரம் ஆடுபவராக இருந்து, ஆப் அவரிடம் மேசையை மறைத்தால், மூன்றரை ஆளில் ஒருவரை நாமே கழித்துவிட்டோம். ஊரில் மொழிச் சண்டைக்கு இன்னொரு காரணமும் கொடுத்தோம்.

பதிவுப் படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ கட்டாயம் என்று போடாதீர்கள். இனிஷியல் வைத்திருப்பவர் அங்கே ஒற்றை எழுத்தைப் போட, ‘மிகச் சிறியது’ என்று படிவம் திட்டும். கூப்பிடும் பெயர் ஒன்று போதும். முழுப் பெயரிலிருந்து சாதி, மதம் தேடுபவர்களுக்கும் வேலை மிச்சம்.

நம்பர்

ஒரு வாட்ஸ்அப் குழுவே போதுமே, ஆப் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நியாயமான பதில் ஒன்றுதான் இருக்கிறது. குழுவில் சேர்ந்தால் எல்லோருக்கும் எல்லோருடைய நம்பரும் தெரியும். ஒரு பெண் கேரம் குழுவில் சேர்ந்த அன்றிரவு ‘ஹாய்’ என்று நாலு மெசேஜ் வரும், மறுநாள் அவர் வெளியேறுவார், அதன் பிறகு அது ஆண்கள் குழு. ஆப்பின் வேலையே நம்பரை மறைப்பதுதான் என்றுகூடச் சொல்லலாம்.

ஆகவே தனி மெசேஜ் முதலில் மூடியிருக்க வேண்டும். ஒரே மேசையில் இருவரும் இரண்டு முறை உட்கார்ந்து, இருவருமே ‘பேசலாம்’ என்று தனித்தனியாகத் தொட்டால் மட்டும் திறக்கட்டும். அதுவரை பேச்செல்லாம் மேசையின் பொது அரட்டையில், ஆட்டம் முடிந்து 24 மணி நேரத்தில் அதுவும் அழிந்துவிடும். ஓடிபி என்பது சிம் கையில் இருக்கிறது என்பதற்கு மட்டும் சாட்சி, ஆள் யார் என்பதற்கு அல்ல. ஆதார் கேட்கலாமே என்றால், தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க வழி செய்த பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் ரத்து செய்துவிட்டது. கேட்டு வாங்கி வைத்திருப்பதும் வெடிகுண்டை வீட்டில் வைப்பது மாதிரி. நேரில் பார்க்கும் மேசைக்காரரின் கண்தான் சரிபார்ப்பு. பெண்கள் மேசைக்கும் அதுவே: படிவத்தில் பாலினம் யாரும் எதையும் தட்டலாம், மேசையை நடத்தும் அக்கா ஒருவர் ஒப்புக்கொண்டால்தான் முகவரி தெரிய வேண்டும்.

சட்டத்தில் இரண்டைக் கவனிக்க வேண்டும். 2023-ன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் எல்லோரையும் குழந்தையாகக் கொள்கிறது; பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும், நடத்தையைப் பின்தொடரக் கூடாது. தொடக்கத்தில் 18-க்கு மேல் மட்டும் என்று வைப்பதே விவேகம். 2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகள் குறைதீர் அதிகாரி ஒருவரைக் கேட்கின்றன: புகாரை 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், விதி சொல்லும் கெடுவுக்குள் தீர்க்க வேண்டும். இரண்டு பேர் நடத்தும் ஆப்பில் அந்த அதிகாரி நீங்கள்தான், ஞாயிற்றுக்கிழமை உட்பட. காசு வைத்து ஆடும் மேசையை முதல் புகாரிலேயே மூடிவிடுங்கள்.

ஆப் எழுதும் முன் எட்டு வாரம்

கோடு ஒரு வரிகூட எழுதாமல் இதைச் சோதிக்கலாம். ஒரு அறை, ஒரு போர்டு, வாரம் இரண்டு மாலை: புதன் 7:30, ஞாயிறு 5:00. அறிவிப்புக்கு வாட்ஸ்அப் சேனல். அதில் பின்தொடர்பவர்களின் நம்பர் ஒருவருக்கொருவர் தெரியாது. ‘வர்றேன்’ என்பதற்கு ஒரு கூகுள் படிவம். ஏரியைச் சுற்றியுள்ள பெட்டிக்கடை, ஜெராக்ஸ் கடை, நூலகம், கோவில் தெருவில் ஏ3 அளவில் இருபது போஸ்டர், ஒவ்வொன்றிலும் வேறு வேறு க்யூஆர். எந்தச் சுவர் ஆளைக் கொண்டுவந்தது என்று அப்போதுதான் தெரியும். விளம்பரத்துக்குப் பணம் கொட்டாதீர்கள். விளம்பரம் கொண்டுவருபவர் கோரமங்களாவிலிருந்து ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போவார்.

எண்ண வேண்டியது ஒன்றே ஒன்று: மூன்று வாரத்துக்குள் இரண்டாம் முறை வந்தவர் எத்தனை பேர். முதல் வருகை ஆர்வம், ஓய்வு, போரடித்தது, எதனாலும் இருக்கலாம். ஆறாம் வார முடிவில் இரண்டு முறைக்கு மேல் வந்தவர் எட்டுப் பேருக்குக் குறைவு என்றால் இடத்தையோ நேரத்தையோ மாற்றி இன்னொரு சுற்று பாருங்கள். பன்னிரண்டைத் தொட்டால் ஆப் எழுதலாம். பன்னிரண்டு என்பதற்கு இன்னொரு பயனும் உண்டு: பிளே ஸ்டோரில் புதிதாகத் திறக்கும் தனிநபர் கணக்குக்கு, வெளியிடும் முன் 12 பேர் 14 நாள் தொடர்ந்து சோதனையில் இருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்த 12 பேரும் ஏற்கெனவே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

செலவு பெரிதில்லை. பிளே ஸ்டோர் ஒரு முறை 25 டாலர். ஆப்பிள் ஆண்டுக்கு 99 டாலர். முதல் ஆண்டு தவிர்க்கலாம். மேப் இல்லை, பின்னணி இருப்பிடம் இல்லை என்பதால் மிகச் சிறிய சர்வர் ஒன்று தாங்கும். ஓடிபி குறுஞ்செய்திக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி டிஎல்டி எனும் அனுப்புநர் பதிவும் வாசகத்துக்கு முன் ஒப்புதலும் வேண்டும். நாள் பிடிக்கும், எட்டு வாரத்தின் தொடக்கத்திலேயே விண்ணப்பித்து வையுங்கள். அறை வாடகையும் போர்டும்தான் உண்மையான செலவு. அதை ஆப் ஈட்டித் தராது. வந்தவர்கள் தலைக்கு இவ்வளவு என்று டப்பாவில் போடுவதுதான் முதல் வருமானம்.

இரண்டாவது பேட்டைக்கு, அது எஜிபுராவோ முருகேஷ்பாள்யாவோ, எப்போது போவது? அல்சூரில் தொடங்கிவைத்த ஆள் ஒரு புதன்கிழமை வராமல் இருந்தும் யாரோ ஒருவர் அறையைத் திறந்து, துணியால் போர்டைத் துடைத்து, 19 காயையும் எண்ணி அடுக்கி வைத்திருந்தால் போகலாம். அதுவரை இரண்டாவது போர்டு வாங்க வேண்டாம்.